விதிவிலக்காகிப்போன விதி: ஜெர்மானிய மொழிகளில் இறந்தகாலம்

ஆங்கில இலக்கணம் படித்த யாருக்கும் அந்த மூன்று கட்ட அட்டவணை மறந்திருக்காது. முதல் கட்டத்தில் நிகழ்காலம், நடுவில் இறந்தகாலம், கடைசியில் எச்ச வடிவம். ‘சிங், சேங், சங்’, ‘டிரிங்க், டிரேங்க், டிரங்க்’ என்று பெருக்கல் வாய்பாட்டைப் போலவே ராகம் போட்டு ஒப்பித்தோம். ‘வாக்’ என்பதற்கு ‘வாக்ட்’ வரும்போது ‘சிங்’ என்பதற்கு ‘சிங்ட்’ ஏன் வரக்கூடாது என்று யாராவது துடுக்காகக் கேட்டால் ஒரே பதில்தான் கிடைக்கும்: அது விதிவிலக்கு, மனப்பாடம் செய்.

அந்தப் பதில் வரலாற்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. ‘சிங் – சேங்’ என்பதுதான் பழைய விதி. ‘வாக் – வாக்ட்’ என்பது பின்னால் வந்த ஏற்பாடு. புதிதாக வந்தவர் வீட்டை முழுக்கப் பிடித்துக்கொண்டதால் பழைய குடும்பத்தார் திண்ணையில் உட்கார வேண்டியதாயிற்று, அவ்வளவுதான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘வாக்’ என்ற வினையே பழைய ஆங்கிலத்தில் ‘சிங்’ கட்சியைச் சேர்ந்ததுதான். அதன் இறந்தகாலம் ‘வேயொல்க்’ என்பதுபோல ஒலித்தது. அதற்குக் கட்சி மாறும் யோகம் இருந்தது, ‘சிங்’ மாறவில்லை.

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன், ஐஸ்லாந்திய மொழி, யூதர்களின் இட்டிஷ், தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் ஆகியவை எல்லாம் ஒரு தாய் மக்கள். அந்தத் தாயை மூல ஜெர்மானியம் என்கிறார்கள். ஏறத்தாழ கி.மு. 500ஐ ஒட்டிய காலத்தில் ஸ்காண்டிநேவியாவின் தென்பகுதியிலும் ஜெர்மனியின் வடபகுதியிலும் பேசப்பட்ட மொழி அது. எழுத்தில் பதிவாகவில்லை. பிள்ளைகளின் முகச்சாயலை ஒப்பிட்டு மொழியியலாளர்கள் அதை மீட்டெடுத்திருக்கிறார்கள். அதற்கும் ஒரு தாய் உண்டு. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் எல்லாவற்றுக்கும் பொதுவான மூல இந்தோ-ஐரோப்பிய மொழிதான் அது. ‘சேங்’ என்ற வடிவத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

வயிற்றுக்குள் மாறும் உயிர்

தமிழில் காலத்தைக் காட்டும் வேலை இடைநிலையுடையது. ‘செய் + த் + ஆன்’, ‘பாடு + இன் + ஆன்’. த், ட், ற், இன் என்று நன்னூல் பட்டியலே போட்டுக் கொடுத்துவிடுகிறது. பகுதி பெரும்பாலும் அப்படியே நிற்கும், காலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும். ‘சிங் – சேங்’ என்பதில் ஒட்டியது எதுவுமே இல்லை. சொல்லின் வயிற்றுக்குள் இருக்கும் உயிரெழுத்து மட்டும் மாறுகிறது. அதனால்தான் தமிழ்க் காதுக்கு அது முதலில் மாயமாகப் படுகிறது.

ஆனால் இந்த மாயத்தை நாம் வேறு இடத்தில் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வடமொழியிலிருந்து வந்த சில சொற்களை இரண்டிரண்டாக வைத்துப் பாருங்கள்: வித்தை – வேதம், யுக்தி – யோகம், புத்தி – போதனை. ஒவ்வொரு இணையிலும் வேர் ஒன்றுதான். ‘வித்’ என்பது ‘வேத்’ ஆகிறது, ‘யுஜ்’ என்பது ‘யோக்’ ஆகிறது, ‘புத்’ என்பது ‘போத்’ ஆகிறது. மெய்கள் எலும்புக்கூடு மாதிரி நிற்க, நடுவில் உள்ள உயிர் மட்டும் பருத்தும் மெலிந்தும் மாறுகிறது. மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் ஒரு வேருக்குள் ‘எ’ வரலாம், அதே இடத்தில் ‘ஒ’ வரலாம், அல்லது உயிர் அடியோடு உதிர்ந்தும் போகலாம். எந்த வடிவம் எங்கே வரும் என்பதைச் சொல்லின் அழுத்தமும் அமைப்பும் முடிவு செய்தன என்று கருதுகிறார்கள். சமஸ்கிருதத்தில் ‘எ’யும் ‘ஒ’வும் ‘அ’வுக்குள் கலந்துவிட்டதால் இந்த வேறுபாடு அங்கே பாதி மறைந்துபோயிற்று. ஜெர்மானிய மொழிகள் அதைப் பத்திரமாக வைத்திருந்தன.

புத்தி – போதனை என்ற அதே வேரையே ஜெர்மன் மொழியில் தேடலாம். ‘பீட்டன்’ என்றால் ‘அளிக்க முன்வருதல்’. அதன் இறந்தகாலம் ‘போட்’. எச்ச வடிவம் ‘கெபோட்டன்’. மூல ஜெர்மானியத்தில் இந்த மூன்றும் ‘பெஉத்’, ‘பஉத்’, ‘புத்’ என்ற வடிவங்களிலிருந்து வந்தவை. ‘எ’ உள்ள வடிவம் நிகழ்காலத்துக்குப் போயிற்று. ‘ஒ’ இருந்த வடிவம் (ஜெர்மானியத்தில் ‘ஒ’ என்பது ‘அ’ ஆகிவிட்டது) இறந்தகாலத்துக்குப் போயிற்று. உயிர் உதிர்ந்த வடிவம் எச்சத்துக்குப் போயிற்று. விழித்துணர்தல் என்ற பொருள், உணர்த்துதலாகி, அறிவித்தலாகி, கடைசியில் ‘இந்தா, எடுத்துக்கொள்’ என்று முன்வைத்தலாக மாறியிருக்கிறது. ஜெர்மனியில் கடை வாசலில் தொங்கும் சலுகை விலை அறிவிப்பில் ‘அங்கெபோட்’ என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சொல்லும் போதி மரமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்குச் சற்று நேரம் சிரிப்பு அடங்கவில்லை.

‘சிங் – சேங் – சங்’ என்பதும் இதே மூன்று படிதான். ‘எ’ இருந்த வடிவம், பக்கத்தில் உள்ள மூக்கொலியால் ‘இ’ ஆயிற்று. ‘ஒ’ இருந்தது ‘அ’ ஆயிற்று. உயிரே இல்லாத வடிவத்தில் மூக்கொலியைத் தனியாகச் சொல்ல முடியாமல் முன்னால் ஓர் ‘உ’ வந்து முட்டுக்கொடுத்தது. பள்ளி அட்டவணையின் மூன்று கட்டங்களும் அந்த மூன்று படிகள்தான்.

சாரம் பிரித்த பிறகு

இறந்தகாலத்துக்கு ‘ஒ’ வடிவத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? உண்மையில் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மூல இந்தோ-ஐரோப்பியத் தாய்மொழியில் வினைக்கு இருந்த வடிவங்களில் ஒன்று, ஒரு செயல் முடிந்தபின் நிலைக்கும் நிலையைச் சொல்லும். ‘வந்தான்’ என்பதைவிட ‘வந்திருக்கிறான்’ என்பதற்கு நெருக்கமான பொருள். இந்த நிறைவு வடிவத்தில் இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஒன்று, வேரின் முதல் மெய் இரட்டிக்கும். சமஸ்கிருதத்தில் ‘த்ருஷ்’ என்ற வேருக்கு ‘ததர்ச’, ‘க்ரு’ என்ற வேருக்கு ‘சகார’ என்று வருவது அதனால்தான். இரண்டு, ஒருமையில் வேரின் உயிர் ‘ஒ’ ஆகும்.

ஜெர்மானியக் கிளையில் இந்த நிறைவு வடிவம் மெல்ல மெல்ல வெறும் இறந்தகாலமாக மாறியது. கூடவே, பெரும்பாலான வினைகளில் முதலெழுத்து இரட்டிப்பும் உதிர்ந்தது. முன்பு இரட்டிப்பே காலத்தைச் சொல்லிவிட்டதால் உயிர் மாற்றம் வெறும் பக்க விளைவாகத்தான் இருந்தது. இப்போது கட்டடத்துக்குக் கட்டிய சாரத்தைப் பிரித்தாயிற்று. காலத்தைச் சுமக்கும் முழு பாரமும் அந்த ஓர் உயிரெழுத்தின் தலையில் விழுந்தது. அது விழாமல் இன்றுவரை தாங்குகிறது.

இரட்டிப்பு எல்லா இடத்திலும் அழிந்துவிடவில்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் விவிலியத்தை, இன்று வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியான கோத்திக்கில் பெயர்த்தார். அதன் மிகச் சிறந்த படி, ஊதா நிறத் தோலில் வெள்ளியாலும் பொன்னாலும் எழுதியது, இன்று ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கிறது. அந்தக் கோத்திக்கில் ‘லேட்டன்’ (விடு) என்பதற்கு இறந்தகாலம் ‘லெலோட்’. ‘ஹைட்டன்’ (அழை) என்பதற்கு ‘ஹெஹைட்’. ‘ஸ்லேப்பன்’ (தூங்கு) என்பதற்கு ‘செஸ்லேப்’. சமஸ்கிருதத்து ‘ததர்ச’வின் தூரத்து உறவினர்கள் இவர்கள். ஆங்கிலத்திலும் இந்த இரட்டிப்பின் எச்சம் ஒன்று உயிரோடு இருக்கிறது. அது எது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

பழைய நிறைவு வடிவத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒருமைக்கு ஓர் உயிர், பன்மைக்கு வேறோர் உயிர். பழைய ஆங்கிலத்தில் ‘நான் பாடினேன்’ என்பது ‘சாங்’, ‘நாங்கள் பாடினோம்’ என்பது ‘சுங்கொன்’. காலப்போக்கில் இரண்டில் ஒன்று போதும் என்று ஆனபோது ஒவ்வொரு வினையும் தன்னிஷ்டப்படி முடிவெடுத்தது. ‘சிங்’ ஒருமை உயிரை வைத்துக்கொண்டது. ‘ஃபைண்ட்’ பன்மை உயிரை வைத்துக்கொண்டு ‘ஃபவுண்ட்’ ஆயிற்று. அட்டவணையில் இத்தனை குழப்பம் இருப்பதற்கு இந்த ஒழுங்கில்லாத பாகப்பிரிவினை ஒரு முக்கியக் காரணம்.

பாகம் பிரிக்காமல் இரண்டையும் வைத்துக்கொண்ட ஒரே ஆங்கில வினை ‘வாஸ் – வேர்’. ஒருமையில் ‘ஸ்’, பன்மையில் ‘ர்’ ஏன்? இதைத் தீர்த்துவைத்தவர் கார்ல் வெர்னர் என்ற டேனிஷ் மொழியியலாளர். அவருடைய கட்டுரை 1877இல் வெளியானது. ஜெர்மானியச் சொற்களில் சில மெய்கள் எதிர்பார்த்தபடி இல்லாமல் வேறு ஒலியாக நிற்பதற்கான விடை வேதகாலச் சமஸ்கிருதத்தின் சுரத்தில் இருப்பதை அவர் கண்டார். வேதம் ஓதுபவர்கள் எந்த அசையை உயர்த்திச் சொல்கிறார்களோ, அதே அசையில்தான் ஒருகாலத்தில் ஜெர்மானியச் சொற்களிலும் அழுத்தம் இருந்திருக்கிறது. ஒருமையில் அழுத்தம் வேரில், பன்மையில் அது விகுதிக்கு நகரும். முன்னால் அழுத்தம் இல்லாத இடத்தில் ‘ஸ்’ குழைந்து, ஆங்கில எழுத்து இசட் தரும் ஒலியாகி, பிறகு ‘ர்’ ஆயிற்று. அழுத்தம் பின்னாளில் முதல் அசைக்கே நிலையாகப் போய்விட்டது. அது விட்டுச் சென்ற தடம் மட்டும் ‘வேர்’ என்ற சொல்லில் நிற்கிறது. ஜெர்மன் மொழி இந்த வேறுபாட்டைச் சமன்செய்து இரண்டு இடத்திலும் ‘ர்’ போட்டுக்கொண்டது: ‘வார் – வாரன்’.

ஏதிலிகளுக்கு ஒரு வழி

இதுவரை சொன்னது பரம்பரை வினைகளின் கதை. இவற்றைப் பெயரிட்டவர் யாக்கோப் கிரிம். தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகள் தொகுத்த அதே கிரிம்தான். வெளியிலிருந்து எந்த உதவியும் இல்லாமல் தன் உயிரையே மாற்றி இறந்தகாலம் காட்டும் வினையை அவர் ‘வலுவானது’ என்றார், விகுதியின் துணை தேடும் வினையை ‘மெலிந்தது’ என்றார். தமிழில் ‘வல்வினை’ என்று சொன்னால் தேவாரத்து ஊழ்வினை நினைவுக்கு வந்துவிடும் என்பதால் வலுவினை, மெலிவினை என்று வைத்துக்கொள்வோம்.

மெலிவினை ஏன் தேவைப்பட்டது? நம் மொழியில் தன்வினையிலிருந்து பிறவினை உண்டாக்குகிறோம்: திருந்து – திருத்து, வருந்து – வருத்து. ஜெர்மானிய மொழிகளிலும் இப்படி உண்டு. ஆங்கிலத்தில் ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்காரவை, அதாவது வை. ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் (மரத்தை) வீழ்த்து. ஜெர்மனில் ‘டிரிங்கன்’ குடி, ‘டிரெங்கன்’ (மாட்டுக்குத்) தண்ணீர் காட்டு. இவை எல்லாம் வேரிலிருந்து நேராகப் பிறக்காமல், பிறந்த சொல்லிலிருந்து பிறந்த வினைகள். பெயர்ச்சொல்லிலிருந்து உண்டாக்கிய வினைகளும் இப்படித்தான். இந்த வகைகளுக்குத் தாய்மொழியில் நிறைவு வடிவமே கிடையாது. ஆகவே ஜெர்மானியத்தில் நிறைவு வடிவம் இறந்தகாலமாக ஆனபோது இவற்றின் கையில் எதுவும் இல்லை. சொத்தில்லாத பிள்ளைகள் தாங்களே சம்பாதிக்க வேண்டியதாயிற்று.

எப்படிச் சம்பாதித்தார்கள் என்பதைத் தமிழர்களுக்கு விளக்குவது சுலபம். ‘போன்’ என்ற சொல் வந்தது. அதை வினையாக்கி இறந்தகாலம் காட்ட நாம் என்ன செய்தோம்? ‘போன் செய்தான்’ என்றோம். முடிவு செய்தார், பதிவு செய்தேன், டைப் செய்தாள் – எந்தச் சொல் வந்தாலும் ‘செய்’ தோள் கொடுக்கும், காலத்தைச் சுமக்கும். ஜெர்மானிய மொழி பேசியவர்களும் இதையே செய்திருக்கிறார்கள் என்பதுதான் நீண்டகாலமாகப் பலரும் ஏற்கும் விளக்கம். ஆங்கில ‘லவ்ட்’ என்பதன் இறுதியில் உள்ள ‘ட்’, ஒருகாலத்தில் ‘செய்தேன்’ என்ற முழு வினை. தேய்ந்து தேய்ந்து விகுதியாகிவிட்டது.

இதற்குச் சான்று கோத்திக்கில் கிடைக்கிறது. ‘நாங்கள் எண்ணெய் பூசினோம்’ என்பதற்கு அங்கே ‘சல்போதேதும்’ என்று வரும். வெறும் ‘த’ என்று முடியாமல் ‘தேதும்’ என்று நீள்கிறது. பழைய உயர்ஜெர்மனில் ‘நாங்கள் செய்தோம்’ என்பது ‘தாத்தும்’. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் சாயல் தெரிகிறது. முன்பு பாக்கி வைத்த விடையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் உயிரோடு இருக்கும் இரட்டிப்பு ‘டிட்’ என்ற சொல்தான். ‘டூ’ என்பதன் ஒற்றை ‘ட்’ இறந்தகாலத்தில் இரட்டித்து ‘டிட்’ ஆயிற்று. அதாவது, ஒழுங்கான வினைகள் அத்தனைக்கும் விகுதி கொடுத்ததாகக் கருதப்படும் சொல்லே அட்டவணையில் விதிவிலக்கு வரிசையில்தான் இருக்கிறது.

வழக்கு இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமையில் ‘சல்போத’ என்று குறுகியே வருவது ஏன் என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. ‘புத்’ என்ற வேரோடு ‘த’ சேர்ந்து ‘புத்த’ (விழித்தவர்) ஆவதுபோல, தாய்மொழியில் ஒரு ‘த’ எச்ச விகுதி இருந்தது. ஆங்கிலத்தின் எச்ச வடிவத்தில் வரும் ‘ட்’ அதன் வாரிசு. இறந்தகால ‘ட்’டுக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். என் ஓட்டு ‘செய்’ தரப்புக்கு, இரண்டாவது தரப்பின் கை கலக்கவே இல்லை என்று சொல்ல முடியாவிட்டாலும். ஒரு எச்சரிக்கை: ‘படித்த’ என்பதில் வரும் நம் ‘த்’துக்கும் இதற்கும் உறவு தேடிப் புறப்பட வேண்டாம். நாவின் நுனியில் எளிதாகப் பிறக்கும் ஒலி அது, உலகில் பல மொழிகளில் பல வேலைகளுக்குத் தற்செயலாக வந்து அமரும்.

இந்தப் புதிய இறந்தகாலத்தை நாம் பார்க்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்று டென்மார்க்கில் கிடைத்தது. தெற்கு யூட்லாந்தில் கல்லெஹூஸ் என்ற சிற்றூரில் 1734இல் ஒரு குடியானவர் மண்ணைத் தோண்டும்போது பொன்னாலான கொம்பு ஒன்று வெளிப்பட்டது. அதே இடத்தருகே 1639இல் ஏற்கெனவே ஒன்று கிடைத்திருந்தது. இரண்டாவது கொம்பின் விளிம்பில், பழைய ஜெர்மானியர்களின் ரூனிக் எழுத்தில் ஒரே ஒரு வரி: ‘எக் லெவகஸ்டிஸ் ஹோல்ட்டியாஸ் ஹோர்ன தவிதோ’. ‘ஹோல்ட்டின் வழிவந்த லெவகஸ்டிஸாகிய நான் இந்தக் கொம்பைச் செய்தேன்’ என்று பொதுவாகப் பொருள் கொள்கிறார்கள். கி.பி. 400ஐ ஒட்டிய காலம். பொற்கொல்லன் தன் பெயரைப் பொறித்துப் பெருமைப்பட்ட வரியின் கடைசிச் சொல் ‘தவிதோ’, செய்தேன். அதன் வாலில் இருக்கும் ‘தோ’தான் பிற்காலத்து ‘வாக்ட்’, ‘லவ்ட்’ எல்லாவற்றின் மூதாதை. கொம்புகளின் கதி பரிதாபமானது. கோபன்ஹேகனில் அரசரின் அரும்பொருள் கூடத்தில் இருந்த இரண்டையும் 1802இல் நீல்ஸ் ஹைடன்ரைக் என்ற பொற்கொல்லர் திருடி உருக்கிவிட்டார். ஒரு பொற்கொல்லன் கையொப்பமிட்டதை இன்னொரு பொற்கொல்லன் அழித்தான். அதற்கு முன்பே வரைந்து வைத்த படங்களின் தயவில்தான் அந்த வரி நமக்கு மிஞ்சியது.

புதிய வழிக்கு ஒரு பெரிய வசதி இருந்தது: எந்தச் சொல்லோடும் ஒட்டும். லத்தீனிலிருந்து வந்தாலும் பிரெஞ்சிலிருந்து வந்தாலும், நேற்று உண்டாக்கிய சொல்லாக இருந்தாலும் ஒரு ‘ட்’ போட்டால் வேலை முடிந்தது. பழைய வழியில் புதிய சொல் சேர்வது அரிது. எனவே ஒரு பக்கம் ஊற்று, மறுபக்கம் ஆவியாதல். ‘ஹெல்ப்’ என்பதன் எச்சம் ‘ஹோல்பன்’ என்று 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தில்கூட இருக்கிறது. இன்று ‘ஹெல்ப்ட்’ தவிர வேறில்லை. 2007இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளைப் பின்தொடர்ந்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 மிஞ்சின, இன்று 98. எது தப்பியது என்பதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை, பத்து மடங்கு வேகமாக ‘ட்’ கட்சிக்கு மாறுகிறது. தினமும் வாயில் வரும் வினையின் பழைய வடிவம் மறப்பதற்கு நேரமே கிடைப்பதில்லை. ஆண்டுக்கொருமுறை வரும் வினைக்குப் பழைய வடிவம் எது என்று யோசித்து, கடைசியில் ‘ட்’ போட்டு ஒப்பேற்றுகிறோம்.

போக்குவரத்து ஒருவழிப் பாதை என்று எண்ணிவிடக் கூடாது. ‘டிக்’ என்பதன் இறந்தகாலம் அதே 1611 விவிலியத்தில் ‘டிக்ட்’. இன்று ‘டக்’. ‘ரிங்’ என்பது பழைய ஆங்கிலத்தில் மெலிவினை. ‘சிங் – சேங்’ பாட்டைக் கேட்டு அதுவும் ‘ரேங்’ ஆகிவிட்டது. டச்சு மொழியில் ‘விராகன்’ (கேள்) என்பதற்கு ‘வ்ரூக்’ என்று புதிதாக வலுவடிவம் முளைத்திருக்கிறது. பழைய விதி ஒரேயடியாகச் செத்துவிடவில்லை என்பதற்கு இவை சாட்சி.

அட்டவணையில் இருப்பவை எல்லாம் வலுவினைகள் என்றும் கருத வேண்டாம். ‘கீப் – கெப்ட்’, ‘திங்க் – தாட்’, ‘டெல் – டோல்ட்’ எல்லாம் மெலிவினைகளே. கடைசியில் பல்லொலி இருக்கிறதா என்று பாருங்கள், இருக்கிறது. நெடில் குறுகியதும் நடுமெய் உதிர்ந்ததும் போன்ற பிற்கால விபத்துகளால் முகம் மாறியவை அவை. ‘கோ – வென்ட்’ கதை வேறு. ‘வெண்ட்’ என்ற வேறொரு வினையின் இறந்தகாலமான ‘வென்ட்’டை ‘கோ’ கடன் வாங்கிக்கொண்டது.

நிகழ்காலமாகிப்போன இறந்தகாலம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழைய நிறைவு வடிவம் செயலுக்குப் பிந்திய நிலையைச் சொல்லும் என்றேன். ‘கண்டிருக்கிறேன்’ என்றால் என்ன பொருள்? கண்டிருக்கிறேன், ஆகவே எனக்குத் தெரியும். ‘காண்’ என்ற பொருள் கொண்ட வேரின் நிறைவு வடிவம் கிரேக்கத்தில் ‘ஒய்த’, சமஸ்கிருதத்தில் ‘வேத’, கோத்திக்கில் ‘வைட்’, ஜெர்மனில் ‘வைஸ்’. எல்லாவற்றுக்கும் பொருள் ‘அறிவேன்’. நாம் வேதம் என்று சொல்லும்போதெல்லாம் உச்சரிப்பது அந்த வேரைத்தான். மற்ற வினைகளில் இதே வடிவம் இறந்தகாலமானபோது, இந்தச் சில வினைகள் மட்டும் வடிவத்தில் இறந்தகாலமாகவும் பொருளில் நிகழ்காலமாகவும் உறைந்துவிட்டன. ஆங்கிலத்தின் ‘கேன்’, ‘ஷேல்’, ‘மே’ மூன்றும் இந்தக் கூட்டம்தான். ‘ஹீ சிங்ஸ்’ என்று ‘ஸ்’ போடுகிற நாம் ‘ஹீ கேன்ஸ்’ என்று போடாததற்குக் காரணமும் இதுவே. ‘ஹீ சேங்’ என்பதில் ‘ஸ்’ வருகிறதா? வடிவத்தில் ‘கேன்’ அதனோடு ஒப்பானது.

நிகழ்காலமாகிவிட்ட பிறகு இவற்றுக்கு இறந்தகாலம் வேண்டாமா? மெலிவினைகளின் ‘ட்’டை வாங்கி ஒட்டினார்கள்: ‘குட்’, ‘ஷுட்’, ‘மைட்’. (‘குட்’ என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ‘ல்’ வேரில் கிடையாது. ‘வுட்’, ‘ஷுட்’ இரண்டையும் பார்த்துப் பிற்காலத்தில் செருகியது.) ‘மஸ்ட்’ இதையும் தாண்டிப் போனது. பழைய நிறைவு வடிவம் நிகழ்காலமாயிற்று. அதற்கு ‘ட்’ ஒட்டி இறந்தகாலம் செய்ததில் ‘மஸ்ட்’ பிறந்தது. பிறகு அந்த ‘மஸ்ட்’டும் நிகழ்காலமாகிவிட்டது. இப்போது ‘செய்ய வேண்டியிருந்தது’ என்று இறந்தகாலத்தில் சொல்ல ‘ஹேட் டூ’ என்று வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

இதே சுழற்சி பெரிய அளவில் இப்போதும் நடக்கிறது. ஜெர்மானிய மொழிகள் இடைக்காலத்தில் ‘வைத்திரு’ என்ற வினையைக் கொண்டு புதிய நிறைவு வடிவம் ஒன்றைக் கட்டின. ‘கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன்’ என்று நாம் சொல்வதற்கு இணையான அமைப்பு. ஜெர்மனில் ‘இஷ் ஹாபெ கெஷ்ரீபன்’. தொடக்கத்தில் எழுதியது இப்போது கையில் இருக்கிறது என்ற நிலையைச் சொன்னது, நாளடைவில் ‘எழுதினேன்’ என்பதாகவே தேய்ந்தது. தென் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து பகுதிகளில் பேச்சுவழக்கு இதையே இறந்தகாலமாக எடுத்துக்கொண்டு, உயிர் மாறும் பழைய வடிவத்தைக் கைவிட்டுவிட்டது. ‘ஷ்ரீப்’ (எழுதினேன்) என்பதை நாவலில் படிப்பார்கள், வீட்டில் சொல்ல மாட்டார்கள். சுவிஸ் ஜெர்மன் ஒருபடி மேலே போய், ‘இருந்தேன்’ என்பதற்குக்கூடப் பழைய இறந்தகாலத்தை வைத்துக்கொள்ளவில்லை. இட்டிஷும் அப்படியே. ஆஃப்ரிகான்ஸில் தப்பியது விரல்விட்டு எண்ணக்கூடிய சில சொற்கள்: ‘வஸ்’ (இருந்தது), மற்றும் ‘முடியும், வேண்டும்’ போன்ற துணைவினைகளின் இறந்தகாலம். மற்றபடி யார் எதை எப்போது செய்திருந்தாலும் ‘ஹெட்’ என்ற துணைவினையும் எச்சமும்தான்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிறைவு வடிவம் இறந்தகாலமானது போலவே, இப்போது இந்த நிறைவு வடிவமும் இறந்தகாலமாகிக்கொண்டிருக்கிறது. ஆனால் ‘வைத்திரு’வின் பழைய இறந்தகாலமும் கூடவே போய்விட்டதால் ‘எழுதியிருந்தேன்’ என்று சொல்ல வடிவம் இல்லாமல் போயிற்று. தென் ஜெர்மானியர்கள் அதற்கும் வழி கண்டுவிட்டார்கள். ‘இஷ் ஹாபெ கெஷ்ரீபன் கெஹாப்ட்’ என்று ‘வைத்திரு’வை இரண்டுமுறை போட்டுப் பேசுகிறார்கள். பள்ளி ஆசிரியர்கள் அதைச் சிவப்பு மையில் அடித்துத் திருத்துகிறார்கள்.